32 ரூபாய்ச் சம்பளம்

சென்ற மாதம் பாகலூரிலிருந்து குடியானவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், கர்நாடக எல்லைக்கு இப்பால் உள்ள அவ்வூரைச் சுற்றி ரோஜாத் தோட்டங்களும் கோசு, தக்காளிக் கொல்லைகளும் நிறைந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். வந்தவரும் சிறிதளவு நிலத்தில் ரோஜா வளர்ப்பவரே. மடியிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த காகிதம், ஒரு பாங்கியின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸு. மகன் பெங்களூரில் தனியார் கலாசாலையொன்றில் இஞ்சினீரிங் வாசிப்பதற்காக வாங்கிய கடன், வட்டியும் வட்டிக்கு வட்டியுமாக வளர்ந்து, நிலத்தின் விலையை எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தது. மகனோ ஓசூர்ச் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்கிறார். நோட்டீஸில் முதற்பெயர் மகனுடையது. இரண்டாம் பெயர் தகப்பனாருடையது. பிள்ளையின் நன்னடத்தைக்குச் சாக்ஷியாகவே தாம் கையொப்பமிட்டதாக அப்பெரியவர் இத்தனை நாளும் எண்ணியிருந்தார். தாமும் அக்கடனுக்கு முழுக் கடனாளி என்பதை அன்றுதான் நம் வாயிலாக அறிந்தார்.

நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது வக்கீல் தொழில், அது முடிந்தது. ஆயினும் அவர் படியிறங்கிப் போன பின்பு நம் மனம் அடங்கவில்லை. கலாசாலைக்குக் கட்ட இயலாத பணம் ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே தக்கதொரு திருஷ்டாந்தம் உண்டு. அதற்கு உரியவரை நாம் எல்லோரும் அறிவோம். 2012-ஆம் வருஷத்தைத் தேசியக் கணித ஆண்டாகவும், அவர் பிறந்த தினத்தைத் தேசியக் கணித தினமாகவும் இந்திய சர்க்கார் கொண்டாடியது. ஆனால் மாலை சூட்டும் மேடைகளில், சம்பளம் கட்ட வகையின்றி அவர் கலாசாலையை விட்ட வரலாறு இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. இக்காலத்து இளைஞர்களுக்காக ஒரு வார்த்தை: மாணாக்கன் கட்டும் கட்டணத்தையும் சம்பளம் என்றே நம் முன்னோர் சொல்லி வந்தார்கள். நாமும் அவ்வாறே எழுதுகிறோம்.

ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1887-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ஆம் தேதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தகப்பனார் குப்புஸ்வாமி ஸ்ரீநிவாஸய்யங்கார் ஜவுளிக்கடையொன்றில் கணக்கெழுதுபவர். மாத வரும்படி சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடி அதில் வரும் சிறு பொருளைக் குடும்பத்திற்குச் சேர்ப்பார். வெளியூர் மாணாக்கர்களை வீட்டில் இருத்தி, அன்னமிட்டு, அதிலும் நாலு காசு மிச்சம் பிடிப்பார். வறுமை என்று சொல்வதினும் நெருக்கடி என்று சொல்வதே பொருந்தும். பட்டினி கிடக்கும் வீடன்று. எதிர்பாராத ஒரு செலவு வந்தால் தாங்காத வீடு. இன்று கலாசாலைக் கடனுக்குக் கையெழுத்திடும் வீடுகளும் பெரும்பாலும் இத்தகையவையே.

1897-இல் பிரைமரிப் பரீக்ஷையில் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறி, மறு வருஷம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். வீட்டில் உண்டுறைந்த கலாசாலை மாணாக்கர்களின் கணித புஸ்தகங்கள் அவர் கைக்குச் சுலபமாகக் கிடைத்தன. பதினைந்து, பதினாறு வயதில், கார் என்பவர் தொகுத்த ஒரு பெரிய கணிதத் தொகுப்பு நண்பர் வாயிலாக இரவலாக வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்களை நிரூபணம் அதிகமின்றி அடுக்கிய அந்நூல், லண்டனில் மாணாக்கர்களைப் பரீக்ஷைக்குத் தயார் செய்யும் உபாத்தியாயர் ஒருவர் அத்தொழிலுக்காகச் சேர்த்தது. பரீக்ஷைக்கென்றே பிறந்த புஸ்தகம் ஒரு பிள்ளையைப் பரீக்ஷைகளுக்கே உதவாதவனாக்கியது விதியின் விளையாட்டுத்தான். அந்நூலின் ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கியவருக்கு மற்றப் பாடங்களில் நாட்டம் அற்றது.

1904-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பள்ளியில் கணிதத்திற்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்கே கிடைத்தது. தலைமை உபாத்தியாயர் கிருஷ்ணஸ்வாமி ஐயர் இப்பிள்ளைக்கு நூற்றுக்கு நூறும் போதாது என்னும் கருத்துப்பட மேடையில் புகழ்ந்தார். கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தபோது, இங்கிலீஷிலும் கணிதத்திலும் வல்லவர்க்கு அளிக்கப்படும் ஜூனியர் சுப்ரமண்யம் உபகாரச் சம்பளமும் வாய்த்தது. வீடு நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும். ஆனால் அந்த உபகாரத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு. பரீக்ஷையில் தேறிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கிலீஷ்க் கட்டுரைப் பாடத்தில் ராமாநுஜன் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. தவணை ஒன்றுக்கு 32 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஏற்பட்டது. தகப்பனாரின் ஒன்றரை மாத உழைப்பு. கோமளத்தம்மாள் பிரின்ஸிபாலை நேரில் கண்டு மன்றாடியும் பயன் விளையவில்லை. விதி விதிதான் என்று பதில் வந்தது.

அந்த பிரின்ஸிபாலைக் கொடியவர் என்று நாம் சொல்ல மாட்டோம். சட்டம் பயின்றவர்கள் யாவரும் அவரிடத்தில் இருந்தால் அதையே செய்திருப்போம். குற்றம் ஆளிடத்தில் இல்லை. ஒரு தவணைச் சம்பளத்துக்கும் ஒரு வாழ்நாளுக்கும் இடையில் வேறு வழியே வையாத ஏற்பாட்டில் இருக்கிறது. சிறிது காலம் கைப்பணத்தில் ஓட்டிப் பார்த்து, 1905 ஆகஸ்டில், பதினேழு வயதுப் பிள்ளை வீட்டில் யாருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டணத்திற்கு ரெயிலேறினார். பிள்ளையைக் காணவில்லை என்று பெற்றோர் சார்பில் ‘ஹிந்து’ பத்திரிகையில் அறிக்கை வெளிவந்தது.

இன்றைய முறைப்படி இதே பிள்ளைக்கு என்ன நேர்ந்திருக்கும்? கடன் கொடுத்திருப்பார்கள் என்று சில நண்பர்கள் பெருமையோடு சொல்லுகிறார்கள். பார்ப்போம். 2001-இல் இந்தியப் பாங்கிகளின் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்திலிருந்து வளர்ந்து வந்த விதிகளின்படி, 4 லட்ச ரூபாய் வரை ஈடு வேண்டாம்; அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை மூன்றாம் மனிதர் ஜாமீன்; அதற்கும் மேலானால் சொத்து ஈடு. தாயோ தந்தையோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. 1905-இல் இப்படியொரு கடன் ராமாநுஜனுக்குக் கிடைத்திருந்தால், அவர் எப்.ஏ. தேறியிருக்கப் போவதில்லை, ஏனெனில் பணம் இருந்த காலத்திலும் அவர் மற்றப் பாடங்களை வாசிக்கவில்லை. பட்டமும் இல்லை, உத்தியோகமும் இல்லை. சில வருஷத்தில் பாங்கியின் பிராது சாரங்கபாணி சந்நிதித் தெருவைத் தேடி வந்திருக்கும். முதற்பிரதிவாதி கணிதக் குறிப்பேடுகளோடு அலையும் வாலிபர். இரண்டாம் பிரதிவாதி 20 ரூபாய்க் குமாஸ்தா. உபகாரச் சம்பளம் தவறியவரிடமிருந்து உபகாரத்தை மட்டுமே பறித்தது. கடனாயின் அடுப்பங்கரை வரை வந்திருக்கும்.

கடனே கூடாது என்பதன்று நம் வாதம். நல்ல கலாசாலையில் நல்ல வேலைக்கு வழிகாட்டும் படிப்பை முடித்துக் கடனைத் தீர்த்தவர்கள் ஆயிரமாயிரம் பேர் உண்டு. அன்னார் கடனின்றி அப்படிப்பை எட்டிப் பார்த்திருக்கவும் முடியாது. ஆனால் கடன் என்பது வருங்காலச் சம்பாத்தியத்தின் மேல் எழுதப்படும் அடமானம். சம்பாத்தியம் வராவிட்டால் என்ன என்ற கேள்விக்கு அந்தப் பத்திரத்தில் இடம் கிடையாது.

விசாகப்பட்டணத்திலிருந்து திரும்பியவர் 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார். அக்கலாசாலையின் பூர்வ கதையும் இங்கே சொல்லத் தக்கது. 1794-இல் காலமான துபாஷி பச்சையப்ப முதலியார் தர்மத்துக்கென்று எழுதி வைத்த செல்வம், நெடுங்காலம் வழக்கிலும் வியாஜ்யத்திலும் முடங்கிக் கிடந்து, சென்னை சுப்ரீம் கோர்ட்டின் தலையீட்டுக்குப் பிறகே, மிஞ்சிய பணத்தைக் கொண்டு 1842-இல் பள்ளிக்கூடமாக உருப்பெற்றது. தர்ம சொத்து கோர்ட்டிலே தூங்கும்போது எத்தனை தலைமுறை வெளியே காத்து நிற்கிறது என்பதை நம் தொழில் சகோதரர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அது நிற்க. பச்சையப்பன் கலாசாலையிலும் கணிதம் தவிர மற்றவை கைகூடவில்லை. நோய் வேறு குறுக்கிட்டது. 1906-இலும், மறுபடி தனி மாணாக்கராக 1907-இலும் எப்.ஏ. பரீக்ஷையில் தவறினார். அத்தோடு கலாசாலை வாசல் மூடியது.

பின் வந்த மூன்று நான்கு வருஷங்களே இச்சரித்திரத்தில் நம்மை மிகவும் வருத்துபவை. பட்டமின்றி உத்தியோகமில்லை, பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுக்கப் போனால், பரீக்ஷைக்கு வேண்டியதை விட்டு எங்கோ எட்டாத உயரத்துக்கு ஏறிவிடுவார், அந்த வரும்படியும் நிலைக்கவில்லை. காகிதம் வாங்கப் பணமில்லாமையால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைப்பார். இன்று உலகத்துப் பண்டிதர்கள் அந்த ஏடுகளில் வழிமுறை காணாமல் தவிப்பதற்கு அந்தக் கற்பலகையும் ஒரு காரணம். 1909 ஜூலையில் ஜானகியம்மாளோடு விவாகம் நடந்தது. 1910-இல் ரணசிகிச்சை ஒன்று வேண்டியிருந்தபோது, வீட்டில் பணமில்லாமல் மருத்துவர் ஒருவர் இலவசமாகச் செய்து கொடுத்தார்.

ராமாநுஜனைப் பற்றிப் பேராசிரியர் ஹார்டி பிற்காலத்தில் எழுதியபோது, அவர் இளமையில் மாண்டதைக் காட்டிலும், பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையுள்ள வயதில் வழிகாட்டுவாரின்றி வீணாய்ப் போன காலத்தையே பெருநஷ்டமாகக் கருதினார். கணித வல்லாரின் புத்தி கூர்மையுற்றுத் திகழும் பருவம் அதுவே என்பது அவர் துணிபு. திறமையுள்ளவன் எப்படியும் மேலே வந்துவிடுவான் என்று சொல்லிச் சும்மா இருப்பவர்கள் ஹார்டியின் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மேலே வந்தவர்களின் பெயரை மட்டும் எண்ணினால் எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றும்.

1910-இல் ராமாநுஜன் திருக்கோவிலூருக்குச் சென்று, டிப்டி கலெக்டராய் இருந்த வி. ராமஸ்வாமி ஐயரைக் கண்டார். அவர் இந்தியக் கணித சங்கத்தை 1907-இல் தோற்றுவித்தவர். ராமாநுஜன் கேட்டது தாலூகா கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை. குறிப்பேட்டைப் புரட்டிய ராமஸ்வாமி ஐயர், இத்தகைய புத்தியைக் கச்சேரிக் கட்டுகளுக்குள் புதைக்க மனமின்றி, சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். பேராசிரியர் பி. வி. சேஷு ஐயர் வழியாக விஷயம் நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவுக்கு எட்டியது. முதலில் ஐயுற்று, பின் தெளிந்த ராமச்சந்திர ராவ், ராமாநுஜன் சென்னையில் இருந்து ஆராய்ச்சி செய்யட்டும் என்று மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து அனுப்பலானார். பத்திரம் இல்லை, வட்டி இல்லை, மார்க்குக் கணக்கு இல்லை. 1911-இல் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதற்கட்டுரை இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. மேல்நாட்டார் கண்டு சொன்ன பிறகே நம்மவர் ராமாநுஜனை மதித்தார்கள் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. அது உண்மையன்று. ஹார்டிக்கு மூன்று வருஷம் முன்பே திருக்கோவிலூர் அவரை அறிந்துகொண்டது.

பிறர் கைப்பணத்தில் நெடுநாள் வாழ ராமாநுஜன் மனம் இசையவில்லை. 1912 மார்ச்சு முதல் தேதியன்று சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாயில் குமாஸ்தா ஆனார். அங்கே எஸ். நாராயண ஐயரும், தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும் அவரை ஆதரித்தார்கள். 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு ஹார்டிக்குக் கடிதம் எழுதிய கதையை நேயர்கள் நன்கறிவார்கள், அதை விரிக்கவில்லை. சட்டம் அறிந்தவர்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் சென்னைச் சர்வகலாசாலையில் நடந்ததை. எப்.ஏ.வும் தேறாத ஒருவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுக்க விதியில் இடமில்லை என்ற ஆக்ஷேபம் வந்தது. நிர்வாக சபையில் ஹைகோர்ட்டு நீதிபதி பி. ஆர். சுந்தரமையர், சர்வகலாசாலையை ஏற்படுத்திய சட்டத்தின் முகவுரையையே எடுத்துக் காட்டி, ஆராய்ச்சியை வளர்ப்பது அச்சபையின் கடமைகளில் ஒன்றன்றோ என்று வாதித்ததாக வரலாறு கூறுகிறது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்திற்கு உதவி ஏற்பட்டது. கும்பகோணத்தில் ஒரு விதி மூடிய கதவை, சென்னையில் அதே போன்ற விதியின் முகவுரை திறந்தது. விதி ஒன்றுதான், வாசிப்பவர் வேறு.

1914 மார்ச்சு 17-ஆம் தேதி கப்பலேறினார். சர்வகலாசாலை வருஷம் 250 பவுன் வழங்கியது. அக்கால மாற்றுப்படி 3,750 ரூபாய். அதில் ஒரு பகுதி கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டது. டிரினிடி கலாசாலை வேறு 60 பவுன் கொடுத்தது. யுத்த காலத்துக் கேம்பிரிட்ஜில் குளிரும் மரக்கறி உணவுக் கஷ்டமும் நோயும் அவரை வாட்டியதையும், 1918-இல் ராயல் சொஸைட்டி உறுப்பினரும் டிரினிடியின் பெல்லோவும் ஆனதையும் பலர் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் 1919 ஜனவரி 11-ஆம் தேதி, இங்கிலாந்தில் நோயாளியாக இருந்த ராமாநுஜன் சென்னைச் சர்வகலாசாலை ரிஜிஸ்திராருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிப் பேசுவார் இலர். சர்வகலாசாலை அவருக்கு மேலும் ஐந்து வருஷத்திற்கு, வருஷம் 250 பவுன் என்று விதித்திருந்தது. அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, தாயகம் திரும்பிய பின் தமக்குச் சேர வேண்டிய தொகை தம் தேவைக்கு மிகவும் அதிகம் என்று அவர் தெரிவித்தார். இங்கிலாந்துச் செலவு போக, பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்துவிட்டு, தம் அவசியச் செலவுக்கு மேல் மிஞ்சுவதைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்றும், முக்கியமாக ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் இவர்களின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புஸ்தகம் வாங்கவும் அது உதவ வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

தம்மைப் போன்ற மேதைகளைத் தேடிப் பிடிக்கச் சொல்லவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பரிசு ஏற்படுத்தச் சொல்லவில்லை. போட்டிப் பரீக்ஷை வைக்கச் சொல்லவில்லை. சம்பளத்தைக் குறைக்கச் சொன்னார். 32 ரூபாயின் கனம் தெரிந்தவர் வேறென்ன கேட்பார்?

இந்த நூறு வருஷத்தில் நாம் செய்தது சிறிதன்று. தமிழ்நாட்டில் 2010-11 முதல், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குத் தொழிற்கல்விச் சம்பளச் சலுகை உண்டு; அரசுப் பள்ளி மாணாக்கருக்கு 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் இஞ்சினீரிங்கிலும் ஏழரை சதவீத ஒதுக்கீடு வந்து, அவர்கள் செலவை சர்க்காரே ஏற்றது. ஆனால் மறுபக்கமும் உண்டு. ஐ.ஐ.டி.களில் 2016-இல் வருஷச் சம்பளம் 90,000 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 2 லட்சமாயிற்று. தனியார் இஞ்சினீரிங் கலாசாலைகளில் கலந்தாய்வு இடத்துக்குக் கூட 2017-இல் 50,000 முதல் 55,000 வரை நிர்ணயமாயிற்று. விடுதி, உணவு, புஸ்தகம் இதில் சேராது. 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் ஈடும் ஜாமீனும் வேண்டாத கடன் திட்டமொன்றை ஏற்படுத்தியது. தொடங்கியபோது அது தரவரிசையில் உயர்ந்த 860 கலாசாலைகளுக்கே உரியதாயிருந்தது. நாட்டில் கலாசாலைகளோ 40,000-க்கும் மேல்.

எல்லைப்புறத்தாரின் பாடு இன்னும் விசேஷம். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, ஓசூரில் வாசித்துவிட்டுப் பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் போனது போலவே, இன்றும் பாகலூர்ப் பிள்ளைக்குப் பெங்களூர்தான் கைக்கெட்டும் பட்டணம். ஆனால் அங்கே சேர்ந்தால், தமிழ்நாட்டுக் கலந்தாய்வின் வழி வராதவர் என்று முதல் பட்டதாரிச் சலுகை இங்கே கிட்டாது. கர்நாடகத்தில் வாசித்து வளர்ந்தவர் அல்லர் என்று அங்குள்ள அரசாங்க இடமும் பொதுவாகக் கிட்டாது. மிஞ்சுவது பணம் கட்டி வாங்கும் இடமும் பாங்கிக் கடனும். நாலரை லட்சத்துக்கு உட்பட்ட வருமானமுள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. நம்மிடம் வந்த பெரியவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. தாசில்தாரிடம் வருமானச் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியாது. காலம் கடந்த பின் கேட்டால் பாங்கி கை விரிக்கிறது. கிராமந்தோறும் கூட்டம் போடும் நம் ஊழியர்கள், பிளஸ் டூ முடிவு வெளியாகும் மாதத்தில் இரண்டு நாளை இதற்கென ஒதுக்கி, பத்திரத்தைப் படித்துக் காட்டி, சான்றுகளை வாங்கித் தந்தால், அது எந்தத் தீர்மானத்துக்கும் குறைந்த தேசத்தொண்டு ஆகாது. முதல் பட்டதாரிச் சலுகை எல்லை தாண்டிப் படிக்கப் போகும் பிள்ளையோடும் போக வேண்டும் என்பதைச் சட்டசபையில் கேட்க வேண்டியவர்கள் இம்மூன்று தாலூகாக்களின் பிரதிநிதிகள்.

ராமாநுஜன் 1919 மார்ச்சு 27-ஆம் தேதி பம்பாயில் இறங்கினார். உடல் தேறவில்லை. படுக்கையில் இருந்தபடியே கணக்கிட்டுக்கொண்டிருந்து, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். ஐந்து வருஷத்திற்கென்று விதித்த உதவி அதோடு நின்றதால், மிஞ்சிப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பணம் சேரவேயில்லை. ஜானகியம்மாளுக்குச் சர்வகலாசாலை மாதம் 20 ரூபாய் பென்ஷன் ஏற்படுத்தியது. அவர் தையல் வேலை செய்து ஜீவனம் நடத்தி, திருவல்லிக்கேணியில் 1994 வரை வாழ்ந்தார்.